ரசீது எழுதிய மகாத்மா



மகாத்மா காந்தி என்றதும் நம் கண்முன் வருவது என்ன? பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டிய படம். பொக்கைவாய்ச் சிரிப்பு, கைத்தடி, ராட்டை. அந்தக் காந்தி ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்து வீடு வீடாகச் சந்தா தண்டியவர், காசு கொடுத்தவருக்கெல்லாம் ரசீது கொடுத்தவர், கணக்குப் புத்தகத்தைக் கண்போலக் காத்தவர் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதுவும் எங்கே? நம் பாட்டன் பூட்டன் மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்த மாதிரி, தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிப் போன தென்னாப்பிரிக்காவில்!

இந்தக் கதையை இன்று சொல்ல ஒரு காரணம் உண்டு. கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத் தோட்டங்களில் கோயில் கமிட்டி, வாலிபர் மன்றம், மாதர் சங்கம், மரண சகாய நிதி என்று எத்தனையோ வைத்து நடத்தினோம். தோட்டம் வீடமைப்புக்குப் போய், சனங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகும் சில சங்கங்கள் கூடவே போயின. அவை உடைந்த கதையையும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். காசில்லாமல் படுத்துப்போன சங்கமும் உண்டு. காசு சேர்ந்த பிறகு அடித்துக்கொண்டு கோர்ட் ஏறிய சங்கமும் உண்டு. சங்கத்துக்குக் காசு எவ்வளவு வேண்டும், எப்படி வரவேண்டும், எப்படிப் போகவேண்டும் என்பதைக் காந்தி நம் தமிழ்ப் பாட்டாளிகளோடு இருந்துதான் படித்துக்கொண்டார். அந்தப் பாடம் நமக்கும் சொந்தம்.

ஐந்து ஷில்லிங் சந்தா

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2ல், குஜராத்தின் போர்பந்தரில். லண்டனில் சட்டம் படித்து 1891ல் ஊர் திரும்பினார். 1893ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்கு விஷயமாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். ஒரு வருஷ வேலைதான். 1894ல் வழக்கு முடிந்து கிளம்பும் நேரத்தில், இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க நேட்டால் அரசாங்கம் மசோதா கொண்டுவந்தது. இருந்து போராட வேண்டும் என்று சனங்கள் கேட்டுக்கொண்டார்கள். காந்தியும் சம்மதித்தார்.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. இவர் சாப்பாட்டுக்கு என்ன வழி? பொதுப்பணத்திலிருந்து சம்பளம் கொடுக்க வியாபாரிகள் தயாராக இருந்தார்கள். காந்தி முடியாது என்றுவிட்டார். பொதுவேலைக்குக் கூலி வாங்கினால், நாளைக்குக் காசு கொடுத்தவனிடம் கண்டிப்பாகப் பேச முடியுமா? அதற்குப் பதிலாக இருபது பேர்போல வியாபாரிகள் தங்கள் சொந்த வழக்கு வேலைகளை அவரிடம் ஒப்படைத்து, ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டினார்கள். சங்க வேலை இலவசம். வயிற்றுப்பாட்டுக்கு வக்கீல் தொழில். இது முதல் பாடம்.

அந்த வருஷமே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவானது. காந்தி செயலாளர். சந்தா குறைந்தது மாதம் 5 ஷில்லிங். அப்துல்லா சேட் மாதம் 2 பவுன் எழுதினார். காந்தி தன் பேருக்கு 1 பவுன் எழுதிக்கொண்டார். எழுதும்போது எல்லோரும் தாராளமாகத்தான் எழுதினார்கள். வசூலுக்குப் போனபோதுதான் வினை. இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்ற கதை! வசூலுக்கு வைத்த ஆள் நாளெல்லாம் நடந்து அலுத்துப்போனார். அப்புறம் மாதச் சந்தாவை வருஷச் சந்தாவாக்கி, குறைந்தது 3 பவுன் என்று வைத்தார்கள். 20 ஷில்லிங் ஒரு பவுன். கணக்குப் போட்டுப் பாருங்கள், தொகை அதேதான். அலைச்சல் மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்கானது.

டோங்காட் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். காந்தியும் கூட்டாளிகளும் அங்குள்ள ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போனார்கள். அவர் 3 பவுன்தான் தருவேன் என்றார். இவர்கள் 6 பவுன் கேட்டார்கள். அவரிடம் மூன்று வாங்கினால் மற்றவர்கள் அதற்கும் கீழேதான் தருவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். சாப்பாடு தயாராக இருந்தது. ஆறு பவுன் வந்தால்தான் கை நனைப்போம் என்று இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோபமில்லை, கூச்சலில்லை. பசியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். விடியும் நேரத்தில் அவர் 6 பவுனை எடுத்து வைத்து, சாப்பாடும் போட்டார். இந்தச் செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவ, மற்ற ஊர்களில் வசூல் சுலபமானது.

சனங்கள் மற்ற விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள், காசு விஷயத்தில் நாள் கடத்துவார்கள் என்பதைக் காந்தி அங்கேதான் கண்டுகொண்டார். அதனால் ஒரு விதி வைத்தார். கையில் காசு வந்தால்தான் வேலை. வரும் என்று நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்வதில்லை. அந்தச் சங்கம் கடன்படவில்லை.

அடுத்தது ரசீது. பெரிய தொகையோ சின்னத் தொகையோ, ரசீது இல்லாமல் வாங்கக்கூடாது. ஒவ்வொரு காசும் புத்தகத்தில் ஏறவேண்டும். 1894ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகம் சங்கத்தில் பத்திரமாக இருக்கும் என்று முப்பது வருஷம் கழித்தும் அவரால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடிந்தது. நம் சங்கங்களில் எத்தனை பேரால் போன வருஷத்துக் கணக்கைக் காட்ட முடியும்?

இந்தச் சமயத்தில்தான் பாலசுந்தரம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி வந்து நின்ற தமிழ் ஒப்பந்தக் கூலி. காந்தி அவரை வேறு முதலாளியிடம் மாற்ற ஏற்பாடு செய்தார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகளுக்குத் தலைக்கு 25 பவுன் வருஷ வரி போட அரசாங்கம் நினைத்திருந்தது. சங்கம் போராடியது. கடைசியில் அது 3 பவுன் வரியாக வந்தது. அதுவும் ஏழைக்குத் தாங்காத சுமைதான்.

சேர்ந்த பணம் செய்த வேலை

சங்கம் வளர்ந்தது. நிதி ஏறக்குறைய 5,000 பவுனுக்கு வந்தது. நிரந்தர வருமானம் இருந்தால் சந்தாவுக்கு அலைய வேண்டாமே என்று காந்திக்கும் அப்போது தோன்றியது. சொத்து வாங்கி வாடகைக்கு விட்டார்கள். வாடகை சங்கச் செலவுக்குப் போதும். நல்ல ஏற்பாடுதானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் அவர் அந்நாட்டை விட்டுப் போன பிறகு, அந்தச் சொத்தே சண்டைக்கு விதையானது. வாடகைப் பணம் கோர்ட்டில் போய்க் குவிந்தது.

அதற்கு வெகுநாள் முன்பே காந்தியின் மனம் மாறிவிட்டது. அவர் கண்ட விஷயம் இதுதான். வருஷா வருஷம் சனங்களிடம் கைநீட்டும் சங்கம் சனங்களுக்குப் பயப்படும். நல்லது செய்தால் காசு வரும், செய்யாவிட்டால் வராது. பேங்கில் பணம் குவிந்துவிட்ட சங்கத்துக்கு உறுப்பினர் தேவையில்லை. கமிட்டி நினைத்ததுதான் சட்டம். கட்டடம் மாதிரி அவசியமானது இருக்கலாம். ஆனால் அன்றாடச் செலவு அந்தந்த வருஷச் சந்தாவிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர் முடிவு.

1901ல் அவர் ஊருக்குக் கிளம்பியபோது சனங்கள் தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாய்க்கென்று 50 கினி பெறுமானமுள்ள தங்கச் சங்கிலியும் வந்தது. காந்திக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. பொதுவேலைக்குக் கிடைத்தது பொதுவுக்குத்தானே சேரவேண்டும்? கஸ்தூரிபாய் சம்மதிக்கவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா, நான் ராப்பகலாக உழைத்ததும் தொண்டு இல்லையா என்று கேட்டு அழுதார். அந்த அம்மாள் கேட்டதிலும் நியாயம் உண்டு. வீட்டுப் பெண்களின் உழைப்பு எந்தச் சங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை. முடிவில் நகையெல்லாம் பேங்குக்குப் போனது. சமூக வேலைக்கென்று அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்பட்டது.

செலவைக் குறைத்த பண்ணை

காந்தி மறுபடி தென்னாப்பிரிக்கா வந்தார். அவர் பொறுப்பில் நடந்த பத்திரிகை 1903ல் தொடங்கியது. ஆரம்பத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு. அது அவர் சம்பாத்தியத்தை விழுங்கியது. மாதம் 75 பவுன் வரை கைக்காசு போட்ட காலமும் உண்டு. 1904ல் அச்சகத்தை டர்பன் பட்டணத்திலிருந்து பீனிக்ஸ் என்ற இடத்து நிலத்துக்கு மாற்றினார். அங்கே யாராக இருந்தாலும் மாதம் 3 பவுன்தான்.

1906ல் டிரான்ஸ்வாலில் இந்தியர்களைக் கைரேகை வைக்கச் சொல்லும் கறுப்புச் சட்டத்தை எதிர்த்துப் போராட்டம் மூண்டது. சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை போனார். புருஷன் உள்ளே போனால் பெண்டாட்டி பிள்ளைக்கு யார் கஞ்சி ஊற்றுவது? குடும்பத் தேவைக்குத் தக்கபடி மாதாமாதம் சங்கம் பணம் கொடுத்தது. இந்தியாவிலிருந்து ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார். ஆனாலும் போராட்டம் இழுத்துக்கொண்டே போனது. தனித்தனி வீடு, தனித்தனி வாடகை என்றால் எந்த நிதி தாங்கும்? பொய்க்கணக்கு சொல்லி வாங்கவும் அதில் வழி இருந்தது.

1910ல் காந்தியின் ஜெர்மானிய நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. போராளிக் குடும்பங்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் குடியேறின. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லாருக்கும் ஒரே சமையல். வேலைக்காரர் கிடையாது. சமையலிலிருந்து கக்கூஸ் கழுவுவது வரை தாங்களே. மாவைக் கைத்திரிகையில் அரைத்தார்கள். செருப்புத் தைக்கக் காலன்பாக் கற்றுவந்து காந்திக்குச் சொல்லிக்கொடுக்க, காந்தி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பண்ணைக்கும் ஜோகன்னஸ்பர்க் நகருக்கும் 21 மைல். கிட்டத்தட்ட நம் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் உள்ள தூரம். பொதுவேலையாகப் போனால் மூன்றாம் வகுப்பு ரயில். சொந்த வேலைக்கோ ஊர் சுற்றவோ போனால் கால்நடை, கையில் கட்டுச்சோறு. விடியுமுன்னே இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து நடந்தார்கள். இதனால் நூற்றுக்கணக்கான ரூபாய் மிச்சமானது. கமிட்டிக்காரர் ஒருவர் சொந்த வேலைக்குப் போய்விட்டுச் சங்கத்தில் பெட்ரோல் காசு எழுதுகிற இந்தக் காலத்தில் இதை நினைத்துப் பார்ப்போம்!

ஒன்றரை ராத்தல் ரொட்டி

1913 அக்டோபரில் 3 பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி கொடுத்த லயத்தை விட்டு, கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் தன் சின்ன வீட்டைத் திறந்துவிட்டார். அந்த வீட்டு அடுப்பு அணையவே இல்லை. வியாபாரிகள் சட்டி பானையும் அரிசி பருப்பும் தந்தார்கள். சமைத்தது தொண்டர்கள். தலைமைச் சமையல்காரர் காந்தி. சில நாள் பருப்பில் தண்ணீர் கூடிவிடும், சில நாள் சோறு அரைவேக்காடு. யாரும் குறை சொல்லவில்லை.

நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அவ்வளவுதான் என்று காந்தி முதலிலேயே சொல்லிவிட்டார். கொடுக்க முடியாததைக் கொடுப்பேன் என்று ஆசை காட்டவில்லை. 1914ல் அந்த வரி ஒழிந்தது. சிறையில் நோய்ப்பட்டு வெளியே வந்த 16 வயதுத் தில்லையாடி வள்ளியம்மை அதைப் பார்க்காமலே பிப்ரவரியில் கண்மூடினாள். அந்தப் போராட்டத்தை ஜெயித்தது பெரிய நிதி இல்லை. இந்த மாதிரி உயிர்களும், ஒன்றரை ராத்தல் ரொட்டியும்தான்.

இந்தியா திரும்பிய பிறகும் காந்தி இதே வழியில்தான் போனார். 1918ல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிச்சைக் காசில் போராடக்கூடாது என்று முன்கூட்டியே உறுதி வாங்கினார். பசி வந்தபோது, ஆசிரமத்தில் கட்டிக்கொண்டிருந்த நெசவுக் கூடத்துக்கு மணல் சுமக்கும் வேலை கொடுத்தார். ஆலை முதலாளி குடும்பத்துப் பெண்ணான அனசூயாபென்னும் தலையில் கூடை ஏந்தித் தொழிலாளரோடு நடந்தார். கடைசியில் மத்தியஸ்தத்தில் கேட்ட 35 சதவீதமே கிடைத்தது. 1948 ஜனவரி 30ல் சுடப்பட்டுச் சாகும்வரை, பொதுப்பணத்தில் ஒரு காசு கணக்கில்லாமல் போக அவர் விட்டதில்லை.

நம் மண்ணில்

இதெல்லாம் மகாத்மாவுக்குச் சரி, நமக்கு முடியுமா என்று யாரும் கேட்கவேண்டாம். 1954ல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் தமிழ்ப்பள்ளி எழுப்ப முன்னின்ற துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டினான். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நடக்கும்போது அந்தப் பத்து வெள்ளியையும் நினைத்துக்கொள்வோம்.

1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் வருஷா வருஷம் தன் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பத்தான் வேண்டும். அது அரசாங்கத்துக்காக. உறுப்பினருக்காக நாம் செய்யவேண்டியது அதற்கு முந்தியது. எந்தச் செலவுக்கும் முன்னால், இதை நம் கையாலேயே செய்ய முடியாதா என்று கேட்போம். திருவிழாவுக்குப் பந்தல் போட நம் பிள்ளைகள் இருக்கும்போது காண்டிராக்ட் எதற்கு? 50 காசானாலும் ரசீது கொடுப்போம், ரசீது கேட்போம். வராத காசை நம்பிக் கடன் வாங்கவேண்டாம். வரவு செலவை மாதாமாதம் எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவோம். கணக்குக் கேட்பவனை எதிரி என்று நினைக்கவேண்டாம். அவன்தான் சங்கத்தைத் தன் சங்கம் என்று நினைக்கிறவன்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு முடித்து, உங்கள் சந்தாவை அங்கேயே கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.