வெள்ளிக்காகக் காத்திருந்த வானநூலார்

விடிவெள்ளி முளைத்ததும் ஏர்பூட்டிப் புறப்படுதல் காவிரி நாட்டு உழவரின் பழைய வழக்கம். கடிகாரம் இல்லாத காலத்தில் அக்கோளே அவர்களுக்குப் பொழுதறிவித்தது. அதே வெள்ளியைக் காண்பதற்கென்று பிரான்சு நாட்டிலிருந்து கப்பலேறி, பதினோராண்டுகளுக்கு மேல் கடலிலும் அயல்நாடுகளிலும் அலைந்து, நம் தமிழகக் கடற்கரையிலும் வந்து தங்கியவர் ஒருவர் உண்டு. அவர் காண விரும்பியது இருளில் ஒளிரும் வெள்ளியை அன்று. பகலில் ஞாயிற்றின் முகத்தின்மீது கரும்புள்ளியாய் ஊர்ந்து செல்லும் வெள்ளியை. அவர்தாம் கீயோம் லெ ஜெந்தில் என்னும் வானநூலார்.

லெ ஜெந்தில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிரான்சின் வடமேற்கிலுள்ள கூத்தான்சு என்னும் ஊரில் பிறந்தார். சமயத் தொண்டு செய்யும் கருத்துடன் பாரிசு நகரத்திற்குக் கல்வி கற்கச் சென்ற அவர், தெலீல் என்னும் வானநூற் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டு அத்துறையில் உள்ளம் பறிகொடுத்தார். பின்னர்ப் பாரிசு வானாய்வகத்தில் பணியில் அமர்ந்தார். 1749இல் ஆந்திரமீடா மண்டலத்தின் அருகே மங்கலாய்த் தோன்றும் சிறு ஒளித்திரள் ஒன்றைக் கண்டறிந்தார். 1753இல் அரசாங்க அறிவியற் கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார்.

அவர் பூண்ட பணியின் அருமையை உணர வேண்டுமாயின், கோள்களின் இயக்கத்தைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

கோள்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. ஞாயிற்றுக்கு அருகிலுள்ள கோள் விரைந்தும், தொலைவிலுள்ள கோள் மெதுவாகவும் செல்லும். ஒரு கோள் ஒரு முறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலத்தின் இருமடிக்கும், ஞாயிற்றிலிருந்து அதன் தொலைவின் மும்மடிக்கும் மாறாத ஒரு விகிதம் உண்டென்று செர்மானிய அறிஞர் கெப்ளர் 1619இல் வெளியிட்டார். விதியைக் கண்ட அவர் அதன் காரணத்தைக் காணவில்லை. 1687இல் நியூட்டன் அதனை விளக்கினார். எப்பொருளும் எப்பொருளையும் ஈர்க்கின்றது. தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கிலொரு பங்காகக் குறைகின்றது. மும்மடங்கானால் ஒன்பதிலொரு பங்காகக் குறைகின்றது. இவ்வீர்ப்பு இல்லையேல் கோள் நேர்கோட்டில் ஓடி மறையும். அதன் ஓட்டம் இல்லையேல் ஞாயிற்றில் சென்று விழும். இரண்டும் சேர்ந்திருத்தலால் அது சுற்றி வருகின்றது. மரத்திலிருந்து தேங்காயை வீழ்த்தும் ஆற்றலும் நிலவைப் பூமியைவிட்டு அகலாமற் காக்கும் ஆற்றலும் ஒன்றே.

இவ்விதிகளைக் கொண்டு கணக்கிட்டால், பூமியின் தொலைவை 100 என்று வைத்துக்கொள்ளும்போது வெள்ளியின் தொலைவு ஏறத்தாழ 72 என்று கிடைக்கும். ஆனால் அந்த 100 என்பது எத்தனை மைல்? இதற்குக் கெப்ளரின் விதி விடை கூறாது. ஓர் ஊரின் நிலப்படம் நம் கையிலிருக்கின்றது. வயல்களின் வடிவும் வரப்புகளின் போக்கும் அதில் சரியாக வரையப்பட்டுள்ளன. ஆயினும் அளவுகோல் குறிக்கப்படவில்லை. அப்படத்தைக் கொண்டு எந்த வயலின் பரப்பையும் சொல்ல முடியுமா? அக்கால வானநூலாரின் நிலை இதுவே. ஞாயிற்றின் தொலைவு தெரிந்தால், எல்லாக் கோள்களின் தொலைவும் தெரிந்துவிடும். ஞாயிற்றின் ஈர்ப்பு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அவ்வோர் எண்ணுக்காகவே உலகம் காத்திருந்தது.

அதனை அளக்கும் வழியை ஆங்கில வானநூலார் ஆலி 1716இல் வகுத்தளித்தார். களத்தில் போரடிக்கும் மாடுகளை மாணவர் சிலரேனும் கண்டிருக்கக்கூடும். பிணையலில் உள்மாடு சிறிய வட்டத்திலும் வெளிமாடு பெரிய வட்டத்திலும் சுற்றும். அவற்றைப் பிணைத்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, உள்மாட்டை விரைந்து ஓட்டினால் என்ன ஆகும்? அது வெளிமாட்டை அடிக்கடி எட்டிப் பிடித்து முந்தும். முந்துகின்ற அந்நேரத்தில், வெளிமாட்டின் பக்கத்தில் நடப்பவன் களத்தின் நடுவை நோக்கினால், உள்மாடு குறுக்கே நிற்கக் காண்பான். வெள்ளி அவ்வாறே ஏறத்தாழ 584 நாளுக்கு ஒரு முறை பூமியை முந்துகின்றது. ஆயினும் அதன் பாதை பூமியின் பாதைக்கு மூன்று பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருத்தலால், பெரும்பாலும் ஞாயிற்றின் மேலோ கீழோ விலகிச் சென்றுவிடும். மிக அரிதாகவே நேர் குறுக்கே வரும். எட்டாண்டு இடைவெளியில் இரு முறை வந்தால், அடுத்த வரவுக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு மனிதனின் வாழ்நாளில் வந்தால் இரு முறை, இல்லையேல் இல்லை.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் நோக்கினால், விரல் சுவரில் இடம் மாறித் தோன்றும். அதுபோலப் பூமியில் வெகுதொலைவு விலகியிருக்கும் இருவர் நோக்கினால், வெள்ளி ஞாயிற்றின்மீது சற்றே வேறுபட்ட கோடுகளில் செல்வதாகத் தோன்றும். அது கடக்கும் காலமும் வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். ஆகவே, 1761ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாளும் 1769ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாளும் நிகழவிருந்த வெள்ளிக் கடப்புகளைக் காண உலகின் பல மூலைகளுக்கும் அறிஞர் அனுப்பப்பட்டனர். லெ ஜெந்திலுக்கு வாய்த்த இடம் புதுச்சேரி.

1760ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் கப்பலேறினார். வயது முப்பத்துநான்கு. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் அப்பொழுது பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. அப்போரின் ஓர் அத்தியாயம் நம் தஞ்சையிலேயே நிகழ்ந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி பணமுடையால் வருந்தி, 1758இல் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். வெடிமருந்து போதாமையாலும் ஆங்கிலக் கப்பற்படையின் அச்சத்தாலும் வெறுங்கையுடன் திரும்பினார். அதன்பின் அவருக்குத் தோல்வியே தொடர்ந்தது. 1760இல் வந்தவாசியில் முறியடிக்கப்பட்டார். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. வானை அளக்க வந்தவரின் வழியை மண்ணுக்கு நடந்த போர் மறித்துக் கொண்டது.

மொரீசுத் தீவில் பல மாதம் காத்திருந்த லெ ஜெந்தில், 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம்பெற்றுப் புறப்பட்டார். பருவக்காற்று எதிர்த்தது. மே மாத இறுதியில் மலையாளக் கரையை அடைந்தபோதுதான், புதுச்சேரி வீழ்ந்த செய்தி தெரிந்தது. கப்பல் தலைவர் கப்பலைத் திருப்பினார். சூன் 6ஆம் நாள் வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி ஞாயிற்றைக் கடந்தது. லெ ஜெந்தில் நடுக்கடலில் நின்று அதனைக் கண்டார். கண்டும் பயன் இல்லை. ஊசலாடும் கடிகாரம் அசையாத தரையில்தான் சரியாக ஓடும். அலையில் ஆடும் கப்பலில் அது காலம் காட்டாது. கப்பல் நின்ற இடமும் துல்லியமாகத் தெரியாது. நேரமும் இடமும் தெரியாத காட்சி வெறுங்காட்சியே. அதே நாளில் சென்னையில் ஹெர்ஸ்ட் என்னும் பாதிரியார் தரையில் நின்றவாறே அக்கடப்பைக் கண்டு குறித்தார் என்பதை எண்ணும்போது, லெ ஜெந்திலின் நிலை மேலும் இரங்கத்தக்கதாகின்றது.

மற்றொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ அடுத்த கடப்பு வரை எட்டாண்டுகளும் இப்பக்கத்திலேயே தங்குவதெனத் துணிந்தார். அவ்வாண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகர் முதலிய தீவுகளின் கரைகளையும் காற்றுகளையும் ஆராய்ந்தார். கணக்கிட்டுப் பார்த்து மணிலா நகரமே தக்க இடம் எனக் கொண்டு, 1766இல் அங்குச் சென்றார். அந்நாட்டு ஆளுநர் அவரை ஐயுற்றார். புதுச்சேரியோ உடன்படிக்கையின்படி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. அறிவியற் கழகத்தாரும் அவ்விடத்தையே விரும்பினர். ஆகவே 1768 மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், புறப்பட்ட எட்டாம் ஆண்டில், அவர் புதுச்சேரியில் கால் வைத்தார்.

ஆளுநர் லா அவரை அன்புடன் வரவேற்றார். இடிந்த கோட்டையின் சுவர்களின்மேல் ஒரு வானாய்வகம் எழுப்பப்பட்டது. அதன் அடியிலிருந்த நிலவறையில் வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்ததாம்! முன்னாள் பகைவரான சென்னை ஆங்கிலேயரும் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். போர் பிரித்தவரை வானநூல் ஒன்று சேர்த்தது என்னலாம்.

கடப்புக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. அக்காலத்தில் அவர் நம் தமிழரின் கணிதத்தைக் கற்க விரும்பினார். இப்பகுதியே நமக்குப் பெரிதும் உரியது. தமிழ்க் கணிதர் தரையில் அமர்ந்து, எழுதுகோலின்றி, சோழிகளை வரிசையாக வைத்தும் எடுத்தும், மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லியவாறே கிரகணத்தைக் கணித்துவிடுவதைக் கண்டு அவர் வியந்தார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்போடு ஒப்பிட்டார். தமிழரின் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மாயர் என்பவரின் அட்டவணையோ 68 விநாடி மிகுந்திருந்தது. இதனை அவர் மறைக்காது எழுதி வைத்தது அவருடைய நடுவுநிலைமைக்குச் சான்று. ஆயினும், இதனைக் கொண்டு நாம் தோள்தட்டி அமைந்துவிடலாகாது. நம் கணிதர் விதியைப் போற்றினர். அவ்விதி ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினாவை நியூட்டன் போன்றோரே எழுப்பி விடை கண்டனர்.

1769ஆம் ஆண்டு மே மாதம் முழுவதும் புதுச்சேரியின் காலை வானம் கண்ணாடிபோல் விளங்கியது. கடப்பு நிகழும் பொழுது அங்கு இரவாதலின், சூன் 4ஆம் நாள் ஞாயிறு எழுந்த பின்னர் ஏழு மணி அளவில் வெள்ளி வெளியேறும் காட்சியே அவருக்குக் கிட்டக்கூடியது. அதுவே போதும். முன்னாள் இரவு ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியால் இனிது கண்டனர். பின்னிரவில் கண்விழித்துப் பார்த்தபோது வானை முகில் மூடியிருந்தது. விடியலில் கடுங்காற்று வீசியது. முகில் இன்னும் திரண்டது. ஞாயிறு எழுந்தது, காணவில்லை. வெள்ளி அதன் முகத்தைக் கடந்து வெளியேறியது, காணவில்லை. கடப்பு முடிந்த சிறிது நேரத்திற்கெல்லாம் முகில் கலைந்து, ஞாயிறு நாள் முழுவதும் எறித்தது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாயிருந்ததாம்.

இரு வாரம் வரை அவரால் நாட்குறிப்பு எழுத இயலவில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அவரைப் பற்றின. 1770 மார்ச்சில் நோயுடனேயே கப்பலேறினார். மொரீசை விட்டு மேற்சென்ற கப்பல் புயலில் சிதைந்து அத்தீவுக்கே மீண்டது. பின் இசுபானியக் கப்பல் ஒன்றில் சென்று, பிரனீசு மலையைத் தரைவழியே கடந்து, 1771ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் தாய்நாட்டில் அடியிட்டார்.

அங்கு அவர் இறந்தவராகக் கருதப்பட்டிருந்தார். உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர். அறிவியற் கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குத் தரப்பட்டிருந்தது. தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க அவர் வழக்காட வேண்டியதாயிற்று. அவ்வழக்கிலும் பொருள் இழந்தார். எனினும் மன்னரின் ஆதரவால் கழகத்தில் மீண்டும் இடம் கிடைத்தது. மணம் செய்துகொண்டார், ஒரு பெண்மகவும் பிறந்தது. பாரிசு வானாய்வகத்தில் குடும்பத்துடன் அமைதியாக வாழ்ந்தார். தம் பயண வரலாற்றை 1779இலும் 1781இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தமிழரின் கணிதமும், நம் கரையின் காற்றும் கடலும், புதுச்சேரியின் வானமும் அந்நூலில் இடம்பெற்றன.

அவருக்குக் கிட்டாத எண் உலகுக்குக் கிட்டியது. தகீத்தித் தீவில் குக் குழுவினரும், கலிபோர்னியாவில் சாப்பும், வடகோடி வார்டோவில் எல் என்னும் துறவியும் 1769 கடப்பைக் கண்டு அளந்தனர். சாப்பு அங்கேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார். அவர் எடுத்த குறிப்புகள் மட்டும் ஊர் சேர்ந்தன. இவற்றையெல்லாம் தொகுத்து ஆக்சுபோர்டு அறிஞர் ஆர்ன்சுபி 1771இல் ஞாயிற்றின் தொலைவு 9 கோடியே 37 இலட்சம் மைல் எனக் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 9 கோடியே 30 இலட்சம் மைல். நூற்றில் ஒரு பங்களவே வேறுபாடு.

லெ ஜெந்தில் 1792ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், தம் அறுபத்தேழாம் அகவையில் மறைந்தார். அதன்பின் வெள்ளி 1874இலும் 1882இலும் ஞாயிற்றைக் கடந்தது. 2004ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் நிகழ்ந்த கடப்பு தொடக்கம் முதல் முடிவு வரை தமிழகத்தின் பகல் வானத்திலேயே அமைந்தது. 2012இல் மீண்டும் ஒரு முறை கடந்தது. அடுத்த கடப்பு 2117ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வரும்.