பந்தாட்ட வீரர் வக்கீலானார்

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1868-ல், வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் ஹென்றி லூயிஸ் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பர்கள். தந்தை கிறிஸ்தவ போதகர்.

லூயிஸ் வேலை செய்துகொண்டே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தார். அங்கே கால்பந்து ஆடினார். அமெரிக்கக் கால்பந்து நம் ஊர் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். எதிரி பாய்ந்து வீழ்த்தலாம். லூயிஸ் நடுவில் நின்று ஆடுபவர். அந்த இடத்துக்குப் பருத்த ஆளைத்தான் நிறுத்துவார்கள். அவர் எடையோ 175 ராத்தல்தான்! வேகமும் புத்தியும் அவருக்குக் கைகொடுத்தன. 1891-ல் அவரே குழுவின் தலைவரானார்.

பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தார். 1892, 1893 இரு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம் பெற்றார். அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பர் அவரே.

ஊர் புகழ்ந்த அந்த வீரருக்கு, 1893-ல் ஒரு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார். காரணம், தோலின் நிறம். லூயிஸ் சண்டைக்குப் போகவில்லை. சட்டசபைக்கு மனுப் போட்டார். நிறம் பார்த்து ஆளை விலக்கக் கூடாது என்ற சட்டம் சவரக் கடைகளுக்கும் விரிந்தது.

வக்கீலான பிறகும் ஹார்வர்டு மாணவருக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுத்தார். 1896-ல் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1903-ல் பாஸ்டனில் உதவி சர்க்கார் வக்கீலானார். 1911-ல், ஜனாதிபதி டாப்ட் காலத்தில், அமெரிக்காவின் உதவி அட்டர்னி ஜெனரலானார். அதுவரை எந்தக் கறுப்பரும் அந்தப் பதவியில் அமர்ந்ததில்லை.

அதே ஆண்டு அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தில் சேர்ந்தார். அவர் கறுப்பர் என்பது பிறகுதான் சங்க நிர்வாகிகளுக்குத் தெரிந்தது. 1912-ல் அவரை நீக்கப் பார்த்தார்கள். லூயிஸ் விலக மறுத்தார். அவருடைய மேலதிகாரி விக்கர்ஷாம், சங்க உறுப்பினர் சுமார் 4,700 பேருக்கும் கடிதம் எழுதி அவருக்காக வாதாடினார். லூயிஸ் சங்கத்திலேயே நிலைத்தார். ஆனால் இனிச் சேர்பவர்கள் தங்கள் இனத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று சங்கம் விதி செய்தது. ஒருவருக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கு அடைபட்டது.

இனம் பார்த்து ஆள் சேர்ப்பதில்லை என்று சங்கம் 1943-ல்தான் தீர்மானித்தது. அதைக் கண்ட பின்பே, 1949 ஜனவரி 1-ந் தேதி, 80-வது வயதில் லூயிஸ் பாஸ்டனில் காலமானார்.