தேயிலை பயிரிட வந்து அந்துப்பூச்சிகளைத் தொகுத்தவர்: சர் ஜார்ஜ் ஹாம்ப்சன்

இந்திய அந்துப்பூச்சிகளை ஆராய முற்படுவோர் இன்றும் நாடும் அடிப்படை நூல், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்ததாகும். அதை எழுதிய சர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் இந்தியாவுக்கு வந்தது பூச்சிகளைத் தேடி அன்று, தேயிலை பயிரிட.

1860 ஜனவரி 14-ல் பிறந்த ஹாம்ப்சன், ஆக்ஸ்போர்டில் பயின்றபின் அன்றைய சென்னை மாகாணத்தின் நீலகிரி மலைக்கு வந்தார். பட்டாம்பூச்சிகள் மீதும் அந்துப்பூச்சிகள் மீதும் அவருக்கு ஈடுபாடு பிறந்தது அங்குதான். பின்னர் லண்டன் திரும்பி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் பணியாற்றினார். 1891-ல் நீலகிரிப் பூச்சிகள் பற்றியும், 1893-ல் இலங்கை அந்துப்பூச்சிகள் பற்றியும் அவரது நூல்கள் வெளியாயின. பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் குறித்த நூல்வரிசைக்காக அந்த நான்கு தொகுதிகளை எழுதத் தொடங்கியபோதும் அவர் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர். 1895-ல்தான் அருங்காட்சியகம் அவருக்குப் பதவி அளித்தது. மறு ஆண்டு பரோனெட் என்னும் குடும்பப் பட்டம் அவரை வந்தடைந்தது.

நிறத்தையும் புள்ளிகளையும் மட்டும் நம்பினால் அந்துப்பூச்சி எளிதில் ஏமாற்றிவிடும். ஹாம்ப்சன் சிறகு நரம்புகளின் அமைப்பையும், கால்களில் உள்ள முட்களையும், கண்களின் மேலுள்ள மயிரையும் அடையாளமாகக் கொண்டார். உருப்பெருக்கியும் அவரது நூலும் கையில் இருந்தால், தொலைவிலுள்ள ஊர்களில் பணியாற்றியவர்களும் பூச்சியின் பெயரை ஓரளவு கண்டறிய முடிந்தது. அதுவரை இந்தியாவில் இல்லாத வசதி இது.

1898-ல் அவர் தொடங்கிய உலகளாவிய பட்டியல், 1920 வரை 15 தொகுதிகள் கண்டும் சில குடும்பங்களையே எட்டியது. அதன் பெரும்பகுதி நாக்டுயிடே குடும்பத்துக்கே செலவாயிற்று. அவரது வகைப்பாடு மிகுதியும் சிதைந்ததும் இக்குடும்பத்தில்தான். கண் மயிரும் கால் முள்ளும் உறவற்ற இனங்களிலும் தனித்தனியே தோன்றக்கூடியவை என்பதைப் பின்வந்தோர் உணர்ந்தனர். இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பும், அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வும் முன்னிலை பெற்றன. அவர் அக்குடும்பத்தில் வைத்த இனங்களில் பல இன்று எரெபிடே குடும்பத்தில் உள்ளன.

1936 அக்டோபர் 15-ல் ஹாம்ப்சன் மறைந்தார். முதலில் விவரித்தவரின் பெயரை அறிவியல் பெயரின் இறுதியில் சேர்ப்பது மரபு. பேரினம் பின்னர் மாற்றப்பட்டால் அப்பெயர் அடைப்புக்குறிக்குள் செல்லும். வட இந்தியக் கரும்பு விவசாயிகளை வாட்டும் குர்தாஸ்பூர் துளைப்பானின் அறிவியல் பெயர், பிசெட்டியா ஸ்டெனியெல்லஸ் (ஹாம்ப்சன்) என்றே எழுதப்படுகிறது.