மின்னலுக்கு வழிவிட்ட மேதை

உயர்ந்த கட்டிடங்களின் உச்சியில் கூரான கம்பி ஒன்று நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதுதான் இடிதாங்கி.

அதை உலகுக்குக் கொடுத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்க சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவர்.

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். அவருக்கு 17 குழந்தைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை.

இரண்டே ஆண்டுகள்தான் பள்ளிக்கூடம் போனார். 10 வயதில் மெழுகுவர்த்திக்குத் திரி வெட்டினார். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகினார். 17 வயதில் அண்ணனோடு மனத்தாங்கல் கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

கையில் காசு இல்லை, தொழில் தெரியும். சில ஆண்டுகளில் சொந்த அச்சகம், சொந்தப் பத்திரிகை என்று உயர்ந்துவிட்டார்.

குறைந்த விறகு, நிறைந்த சூடு

அந்தக் காலத்து வீடுகளுக்குப் பெரிய பயம் தீ. நெருப்புத் துண்டை மூடாமல் அறைக்கு அறை எடுத்துச் செல்லாதீர்கள் என்று பத்திரிகையில் எழுதினார். 1736-ல் ஊராரைச் சேர்த்துத் தீயணைக்கும் சங்கம் ஒன்றையும் தொடங்கினார்.

குளிர் நாடு அல்லவா? வீட்டுக்கு வீடு கணப்பு எரியும். ஆனால் சூட்டில் பெரும் பகுதி புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். சூட்டை அறைக்குள் நிறுத்த இரும்பு அடுப்பு ஒன்றைப் பிராங்க்ளின் அமைத்தார். அதில் புகை சரியாகப் போகாத குறை இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள்.

அடுப்பை விற்கும் தனி உரிமையைத் தருவதாகக் கவர்னர் சொன்னார். பிராங்க்ளின் மறுத்துவிட்டார். எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

உயிர் தப்பினார்

40 வயதில் மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். அப்போது மின்சார விளக்கு கிடையாது. கண்ணாடியைத் தேய்த்து உண்டாக்கும் மின்சாரத்தை ஜாடிகளில் சேர்த்து வைப்பார்கள்.

1750-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், மின்சாரத்தால் வான்கோழியைக் கொல்ல முயன்றார். சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கவனம் சிதறியது. கை தவறான இடத்தில் பட்டது.

பளீர் என்று ஒளி! வெடிச் சத்தம்! உடம்பு முழுவதும் உதறியது. நினைவு தப்பியது. கைகளும் கழுத்தும் மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தன.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நடந்ததை மறைக்கவில்லை. இதே ஆராய்ச்சி செய்யும் ஒருவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

பட்டமும் சாவியும்

1752-ம் ஆண்டு ஜூன் மாதம். இடிமேகம் சூழ்ந்தபோது மகனோடு சென்று பட்டுத் துணிப் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டார். கயிற்றின் நுனியில் ஒரு சாவி. சாவியின் அருகே விரலைக் கொண்டு போனதும் பொறி பறந்தது. மேகத்தில் இருப்பதும் மின்சாரமே என்பது விளங்கிற்று.

பட்டத்தின் மீது மின்னல் நேராக விழவில்லை. விழுந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். மறு ஆண்டு ரஷ்யாவில் ரிக்மன் என்ற விஞ்ஞானி கூரையிலிருந்து வீட்டுக்குள் கம்பி இறக்கி மின்னலை ஆராய்ந்தார். கம்பி பூமியோடு சேர்க்கப்படவில்லை. மின்னல் அவர் மேல் பாய்ந்தது. அங்கேயே மாண்டார்.

மின்னலுக்குப் பூமி வரை வழிவிட்டால் வீடு தப்பும். இதுதான் இடிதாங்கியின் ரகசியம். இரும்புக் கம்பியின் ஒரு முனை ஈர மண்ணில் 3 அல்லது 4 அடி ஆழம் இறங்க வேண்டும். மறு முனை கூரைக்கு மேல் 6 அல்லது 8 அடி நிற்க வேண்டும். 1753-ம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்தில் இதை எல்லோரும் அறிய அச்சிட்டார். காசு எதுவும் கேட்கவில்லை.

தம் வீட்டுக் கம்பியில் இரண்டு மணிகளைக் கட்டியிருந்தார். மேகத்தில் மின்சாரம் இருந்தால் அவை தாமே ஒலிக்கும். அவர் லண்டனில் இருந்தபோது, மணிச் சத்தம் கேட்டு மனைவி பயந்தார். மணிகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று பிராங்க்ளின் கடிதம் எழுதினார்.

வீண் செலவு வேண்டாம்

78 வயதில் பாரிசில் இருந்தார். பாரிஸ் மக்கள் சூரியனோடு எழுந்தால் அரை ஆண்டில் 6 கோடி ராத்தலுக்கு மேல் மெழுகு மிச்சமாகும் என்று வேடிக்கையாகக் கணக்குப் போட்டு எழுதினார். மெழுகுவர்த்தி விற்றவரின் மகன் சொன்ன யோசனை!

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில் பிராங்க்ளின் காலமானார்.

இடிதாங்கியின் வேலை வேறு, வீட்டு எர்த் கம்பியின் வேலை வேறு. என்றாலும் பாடம் ஒன்றுதான். மூன்று முனை பிளக்கில் தடித்த முனையே எர்த். இஸ்திரிப் பெட்டியின் உடலில் கரண்டு கசிந்தால், அது பூமிக்குப் போக வழிவிடுவது அந்த முனை. அதை ஒடித்துவிட்டுச் செருகுவது உயிரோடு விளையாடுவதாகும். ஆள் இல்லாத அறையில் விளக்கை எரியவிடுவது காசோடு விளையாடுவதாகும்.