ஏழாவது தோட்டா

ஒரே ஒரு மெஷின் ஒழுங்கா ஓடுறது ஒரு விஷயம். அதையே லட்சக்கணக்கில் செய்து, அத்தனையும் ஒழுங்கா ஓடுறது வேற விஷயம். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு மெஷினிஸ்ட்டோட கதை இது. பெயர் ஜான் கேரண்ட்.

1888 ஜனவரி 1 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு துணி மில்லில் தரை கூட்டுற வேலையில் சேர்ந்த பையன், கிடைச்ச நேரத்தில் எல்லாம் மெஷின்களைப் பார்த்தே தொழில் கத்துக்கிட்டான். பிறகு மெஷின் டூல் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. டிகிரி எதுவும் கிடையாது.

1919இல் மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆயுதச்சாலையான ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் சேர்ந்தார். அப்போதைய ரைஃபிளில் ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளணும். அதைத் துப்பாக்கியே செய்யணும், இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கிட்டத்தட்ட 17 வருஷம் ஆச்சு. முதலில் செய்த டிசைன், ராணுவம் தோட்டாவை மாற்றியதும் பயனில்லாமல் போச்சு. அடுத்து 0.276 அங்குலத் தோட்டாவுக்குச் செய்ததும் சிக்கலில் மாட்டியது. பழைய 0.30 அங்குலத் தோட்டாவே போதும்னு 1932இல் தளபதி மக்ஆர்தர் முடிவு பண்ணிட்டார். கேரண்ட் கோபப்பட்டு விலகலை, அதுக்கேத்த டிசைனை எடுத்துக் கொடுத்தார். 1936 ஜனவரியில் 'எம்1' என்ற பெயரில் ராணுவம் அதை ஏற்றது. வெடிக்கும்போது வரும் வாயுவின் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளும். ஒரு கிளிப்பில் 8 தோட்டா.

உண்மையான சோதனை அதுக்கப்புறம்தான். தொழிற்சாலையில் மொத்தமா தயாரான ரைஃபிள்கள் சிக்க ஆரம்பிச்சது. அதுவும் குறிப்பா ஏழாவது தோட்டாவில். மாடல் ஷாப்பில் கையால் செய்த ரைஃபிள்களில் இந்தப் பிரச்சனையே இல்லை. வரைபடமும் அதேதான். அப்போ தப்பு எங்கே?

கொஞ்சம் யோசிங்க. அழுக்கோ மோசமான தோட்டாவோ காரணம்னா எந்தத் தோட்டாவிலும் சிக்கலாம். எப்பவும் ஒரே இடத்தில் சிக்குதுன்னா, உள்ளே ஏதோ ஒரு வடிவம் மாறியிருக்கணும். மாறித்தான் இருந்தது. தோட்டா மேலே வரும்போது அதைச் சாயாமல் பிடிக்க, ரிசீவர் என்கிற உடல்பாகத்தின் உள்ளே ஒரு சின்ன விளிம்பு உண்டு. மொத்த உற்பத்திக்காக அமைத்த கடைசல் முறையில், வெட்டுற டூல் அந்த விளிம்பில் கொஞ்சத்தைச் சேர்த்தே வெட்டிக்கிட்டிருந்தது. அங்கே பிடி இல்லாமல் தோட்டா சாய்ந்து சிக்கியது. ஏற்கனவே செய்த ரிசீவர்களில் வெல்டிங் வெச்சுச் சரி பண்ணினாங்க, புதுசுக்கு வெட்டுற முறையையே மாற்றினாங்க.

குழல் முனையில் மூடி வெச்சு வாயுவைப் பிடிக்கும் அமைப்பும் தொல்லை கொடுத்தது. 1940இல் அதைக் கைவிட்டு, குழலிலேயே சின்ன துளை போட்டு வாயுவை எடுத்தாங்க. அதே வருஷம் மெல்வின் ஜான்சனின் போட்டி ரைஃபிளை ஆதரித்தவர்கள் பத்திரிகையிலும் அமெரிக்கக் காங்கிரஸிலும் எம்1-ஐக் கடுமையா விமர்சித்தாங்க. ஐரோப்பாவில் போர் தொடங்கியாச்சு. இந்த நேரத்தில் திட்டம் சரிஞ்சிருந்தா 17 வருஷ உழைப்பு போயிருக்கும், அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் பழைய ரைஃபிளே இருந்திருக்கும். சரியாகலை. எம்1 தாக்குப்பிடித்தது.

துப்பாக்கியை மட்டும் இல்லாமல், அதைச் செய்ய வேண்டிய மெஷின்கள், கருவிகள் பலவற்றையும் கேரண்டே வடிவமைச்சார். இரண்டாம் உலகப் போர் முடியறதுக்குள் சுமார் 40 லட்சம் எம்1 தயாராச்சு.

காப்புரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டதால் ராயல்டி ஒரு காசு கிடையாது. அவருக்கு 1 லட்சம் டாலர் கொடுக்கலாம்னு காங்கிரஸில் வந்த மசோதாவும் நிறைவேறலை. சம்பளக்காரராகவே இருந்து 1953இல் ஓய்வு பெற்றார். 1974 பிப்ரவரி 16 அன்று ஸ்பிரிங்ஃபீல்டிலேயே காலமானார்.

நம்ம ப்ராஜெக்ட்டில் ஒரு பாகம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சிக்கினா, டிசைனைக் கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி, அந்தப் பாகத்தைக் கையில் எடுத்து வரைபடத்தோட ஒப்பிட்டு அளந்து பாருங்க. லேத்தும் மில்லிங் மெஷினும் அங்கே நிஜமா என்ன வெட்டியிருக்குன்னு வரைபடம் சொல்லாது.