பிள்ளைக்கு மறுத்த முடி

அய்யா துணை.

இன்று நாம் சாமித்தோப்பு என்று போற்றும் தலம் முன்பு சாஸ்தான்கோவில்விளை எனப்பட்டது. அங்கே 1809ஆம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். இந்தக் குலத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்குலத்தார் தடுத்தனர். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது.

அந்நாளில் திருவிதாங்கூரில் சான்றோர் மக்களின் தலை சுமப்பதற்கும் வரி கொடுப்பதற்கும் என்றே இருந்தது. கூலியில்லா ஊழியம் செய்தார்கள். தலைவரியும் பனைவரியும் கட்டினார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் கூடாது.

இருபத்து நான்காம் வயதில் நோயுற்றிருந்த மகனை அன்னை திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். அவர் கடலுக்குள் இறங்கினார். கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள் அலைமேல் எழுந்து வந்தவர் நாராயணர் பெற்ற வைகுண்டர். கரையில் அழுது நின்ற அன்னையிடம், தாம் இனி உலகுக்கெல்லாம் உரியவர் என்பதை உணர்த்தினார்.

அய்யா ஆறு ஆண்டு தவமிருந்தார். பதினெட்டுச் சாதியும் தேடி வந்தது. தண்ணீரும் மண்ணுமே மருந்தாயின. இதைப் பொறாதவர்கள் கோள் சொல்ல, மன்னர் சுவாதித் திருநாளின் ஆட்கள் அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தனர். சொந்தச் சாதியாரோடு மட்டும் இருப்பதாக ஒப்பினால் விடுதலை என்றார்கள். அய்யா ஒப்பவில்லை. ஒரு சொல் தலையசைத்திருந்தால் சிறை திறந்திருக்கும். பிற சாதி மக்களுக்குப் பதியின் வாசல் அடைபட்டிருக்கும். முடிவில் அரசே பணிந்தது. 1014 மாசியில் அய்யா ஊர் திரும்பினார்.

அதன்பின் துவையல் தவசில் 700 குடும்பங்களுக்குத் தூய்மையைப் பழக்கினார். முத்திரிக்கிணற்றில் எல்லோரையும் ஒன்றாக நீராட வைத்தார். சுமைக்குச் சும்மாடாகக் கிடந்த துணியைத் தலைப்பாகையாகக் கட்டச் சொல்லி, கண்ணாடியின் முன் நிறுத்தினார். பிள்ளையாய் இருந்தபோது பெயரில்கூட மறுக்கப்பட்ட முடியை, அய்யா தம் மக்கள் அனைவருக்கும் சூட்டிவிட்டார்.

1026 வைகாசி 21ஆம் நாள் அய்யா வைகுண்டம் ஏகினார்.

பதிக்குள் தலைப்பாகை கட்டும்போது அன்புக்கொடிமக்கள் இதை நினைக்க வேண்டும். அது வெறும் வழக்கமல்ல, அய்யா சிறையிருந்து வாங்கித் தந்த முடி. அதைக் கட்டிய தலை எவர் முன்னும் அஞ்சிக் குனியலாகாது. எவரையும் தாழ்வாகப் பார்க்கவும் ஆகாது.

அய்யா உண்டு.