ஜி. நாகராஜன்

ஜி. நாகராஜன் (செப்டம்பர் 1, 1929 – பெப்ரவரி 19, 1981) தமிழ் நாவலாசிரியர், சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். மதுரையில் பிறந்து மதுரையிலேயே மறைந்தவர். பரத்தையர், தரகர், சில்லறைத் திருடர், வேலையற்றோர் ஆகியோரின் வாழ்க்கையை, அவர்களைத் திருத்தவோ பழிக்கவோ முற்படாமல் எழுதியவர். இவர் எழுதியவை அளவிற் குறைவு. 'குறத்தி முடுக்கு' (1963) என்னும் குறுநாவல், 'நாளை மற்றுமொரு நாளே' (1974) என்னும் நாவல், சிறுகதைகள் ஆகியவற்றைக் கொண்டே இன்று அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

நாகராஜன் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலத்தில் கழிந்தது. பின்னர் மதுரைக் கல்லூரியில் பயின்றார். கணிதத்தில் மிகச் சிறந்த மாணவராக விளங்கினார்.

அவர் சிறுவனாயிருந்த காலத்தில் திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிவு செய்யப்பட்டு, இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்க வேண்டியிருந்தது. இச்சட்டத்தை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. நாகராஜன் இதனை நேரடியாகக் கதையாக்கவில்லை. எனினும் அவர் கதைகளில் எளிய மக்கள் அரசை முதலிற் சந்திக்கும் இடம் காவல் நிலையமாகவே இருப்பது, இம்மண்ணின் வரலாற்றை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது.

கட்சியும் ஆசிரியப் பணியும்

கல்லூரிப் படிப்பு முடிந்தபின் காரைக்குடியில் ஆசிரியராகவும், சென்னையில் கணக்காயர் அலுவலகத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். அதன்பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் விரிவுரையாளரானார். இக்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் ஈடுபாடு கொண்டு முழுமூச்சாக உழைத்தார். 1949 இல் சென்னை மாகாணத்தில் அக்கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. 1950 பெப்ரவரியில் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தடை நீங்கிய பின்னரும் கட்சிக்காரர் என்ற பெயர் வேலைக்கு ஊறு விளைவிப்பதாகவே இருந்தது. நாகராஜனின் கல்லூரிப் பணியும் நீடிக்கவில்லை.

பின்னர் திருநெல்வேலியில் பேராசிரியர் நா. வானமாமலை நடத்திய தனிப்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். தொ. மு. சி. ரகுநாதன், சுந்தர ராமசாமி ஆகியோருடன் நட்புக் கொண்டார். கைத்தறி நெசவாளரின் பசியையும் போராட்டத்தையும் கூறும் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953 இல் வெளிவந்தது. அது முற்போக்கு நாவலுக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட காலம் அது. நாகராஜன் அவ்வழியிற் செல்லவில்லை. 1950களின் பிற்பகுதியில் கட்சியிலிருந்தும் விலகினார்.

அதன்பின் பெரும்பாலும் மதுரைத் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தார். அவர் பெயரைக் கண்டே மாணவர் சேர்ந்தனர். எப்பொழுதும் தூய வெள்ளுடையில் தோன்றுவார். அதே மனிதர் மாலையானால் தம் கதை மாந்தர் உலவும் தெருக்களில் இருந்தார்.

எழுத்து

'குறத்தி முடுக்கு' ஒரு பரத்தையர் தெருவையும் அதில் வாழும் தங்கம் என்ற பெண்ணையும் பற்றியது. 1956 இல் இயற்றப்பட்ட பரத்தமைத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துவோரைத் தண்டிக்க எண்ணியது. ஆனால் பொது இடத்தில் ஆள் அழைப்பதையும் குற்றமாக்கியதால், நடைமுறையில் பெண்களே மிகுதியாகப் பிடிபட்டனர். கைது, வழக்கு, அபராதம், கையூட்டு ஆகியவை இத்தெருவின் அன்றாடச் செலவுகளைப் போலவே நாகராஜன் எழுத்தில் வருகின்றன.

'ஓடிய கால்கள்' என்ற சிறுகதை இவ்வகையில் அவர் எழுதியவற்றுள் மிகக் கடுமையானது. காவலிலிருந்து தப்பியோடிப் பிடிபட்ட ஒருவன் காவல் நிலையத்தில் கிடக்கிறான். ஓடிய குற்றத்திற்குக் கால்களே தண்டனை பெறுகின்றன. அவன் செய்த குற்றத்தின் தன்மையோ அவன் நல்லவனா என்பதோ கதைக்குப் பொருட்டல்ல. ஆசிரியர் குரலில் சீற்றமும் இல்லை. இதனாலேயே கதை மறக்க முடியாததாகிறது.

'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்பவனின் ஒரு நாள் வாழ்க்கையைக் கூறுகிறது. அவன் மனைவி மீனா உடலை விற்றுப் பிழைப்பவள். அதனை அவன் அறிவான். அதில் அவன் பங்கும் உண்டு. ஆயினும் தனக்குப் பின் அவள் என்ன ஆவாள் என்ற கவலை அவனை விடுவதில்லை. குடிக்கவும் பணத்திற்கும் அலையும் அந்த ஒரு நாளில் தொழிற்சங்கம், தேர்தல் கட்சிகள், தரகர்கள், பணக்காரர்கள் எல்லாரும் அவன் வழியிற் குறுக்கிடுகின்றனர். எவரும் அவனைத் தம் கணக்கிற் சேர்ப்பதில்லை. இறுதியில் காவல்துறை மட்டுமே அவனைத் தேடி வருகிறது.

கந்தன் உழைப்பாளி அல்லன், போராளியும் அல்லன். ஆகவே ஏழைகளைப் பற்றிய நாவலாக இதனை ஏற்கப் பலர் தயங்கினர். ஆபாசம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நியாயமாகப் பார்த்தால், உடலுறவை விரித்துரைக்கும் பகுதிகள் இந்நூலில் மிகச் சிலவே. படிப்பவரைத் தொந்தரவு செய்வது, கந்தனிடம் ஆசிரியர் காட்டும் மரியாதைதான். பெண்களின் மனத்திற்குள் நாவல் போதிய அளவு செல்லவில்லை என்பதையும் கூற வேண்டும். மீனாவைக் கந்தனின் கண் வழியாகவே பெரிதும் காண்கிறோம்.

இறுதிக் காலம்

1970களின் பிற்பகுதியில் குடியும் கஞ்சாவும் நாகராஜனின் உடலை அழித்தன. கற்பிக்கும் பணி இல்லாமற் போயிற்று. நண்பர்களிடம் சிறு தொகைகள் கேட்டு வாழும் நிலை வந்தது. வெள்ளுடை அழுக்கேறியது. இவ்வாழ்க்கையைக் கலகம் என்று புகழ்ந்து எழுதுவோர் உண்டு. அவருடைய குடும்பத்தார் சுமந்த துன்பத்தை அப்புகழ்ச்சி மறைத்துவிடுகிறது.

நோய் முற்றிய நிலையில் சில நண்பர்கள் அவரை மதுரை அரசு மருத்துவமனையிற் சேர்த்தனர். 1981 பெப்ரவரி 19 அன்று அங்கு காலமானார். தத்தனேரி மயானத்தில் எரியூட்டப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 51.

சுந்தர ராமசாமி தம் நினைவோடை வரிசையில் இவரைப் பற்றி ஒரு நூல் தந்துள்ளார். காலச்சுவடு பதிப்பகம் 1997 இல் இவருடைய படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டது. 'நாளை மற்றுமொரு நாளே' 2010 இல் பெங்குவின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் அபி சிஃப்ரென்.